பழைய தோட்டத்து இடுகாடு: லாலான் புல்லும் பாம்பும் தவிர அங்கே என்ன இருக்கிறது?

கேள்வி
5.1.2025, காலை 10.12

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள். எங்கள் தோட்டம் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டமாகி ரொம்ப நாளாகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். கோயிலும் இடுகாடும் மட்டும்தான் மிச்சம். இந்த வருடம் தை அமாவாசை 29ஆம் தேதி. அதற்குள் இடுகாடு முழுக்க மருந்து அடித்துச் சுத்தம் பண்ண ஆள் பேசியிருக்கிறோம். ஒரு சிலர் வேண்டாம் என்கிறார்கள். பூ இருக்கிறதாம், பறவை இருக்கிறதாம். லாலானும் பாம்பும் தவிர அங்கே என்னதான் இருக்கிறது?

பதில்கள்

5.1.2025, இரவு 9.40

அந்த ஒரு சிலரில் நானும் ஒருவன், தம்பி. என் அப்பாவும் பாட்டியும் அங்கேதான் இருக்கிறார்கள். சுத்தம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மருந்துதான் வேண்டாம்.

பாராகுவாட் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை. பழைய தோம்பில் மிச்சம் வைத்திருக்கிறேன் என்று எவராவது வந்தால் அவரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். கிளைபோசேட் என்கிற மற்ற களைக்கொல்லியை அடித்தால் லாலான் மண்ணுக்குள் ஓடும் தண்டோடு சாகும், அது உண்மை. கூடவே மற்றதும் சாகும். நம் இடுகாடு மேட்டில் இருக்கிறது, மேல் வரிசையில் சிமெண்ட் கட்டாத மண் சமாதிகள். புல்வேரும் செடிவேரும் போய்விட்டால் ஏப்ரல் மழைக்கு அந்த மண் எங்கே நிற்கும்? கீழே இருக்கும் டைல்ஸ் ஒட்டிய சமாதிகளின் மேல்தான்.

என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு, இப்போது ஜனவரியில் போனால் பார்க்கக் கூடியவை: எல்லையில் விட்டுவைத்த கிழட்டு ரப்பர் மரங்கள் இலை சிவந்து உதிர ஆரம்பித்திருக்கும். சிமெண்ட் வெடிப்புகளில் நித்தியகல்யாணி, வெள்ளையும் ரோஸும். வேலியோரம் செண்டுடுக் செடி ஊதாப் பூவோடு. நாம் சின்ன வயதில் அதன் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொண்டு வீட்டில் அடி வாங்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். தரையோடு தொட்டாற்சுருங்கி. ஏதாவது ஒரு சிலுவையின் உச்சியில் பழுப்புக் கீச்சான் ஒன்று உட்கார்ந்து வெட்டுக்கிளிக்குக் காத்திருக்கும். அது வடக்கே குளிர் நாட்டிலிருந்து செப்டம்பரில் வருகிற விருந்தாளி, ஏப்ரல், மே வரை இருக்கும்.

பாம்பும் இருக்கிறது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

6.1.2025, காலை 7.05

ராத்திரியில் அங்கே யாரோ கட்டையால் தட்டுகிற சத்தம் கேட்கும், அது நல்லதல்ல என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அண்ணே, அது பக்கி என்கிற இரவுப் பறவை. மலாய்க்காரர்கள் புருங் துக்காங் கூபூர், அதாவது குழிவெட்டிப் பறவை என்பார்கள். ‘டோக், டோக், டோக்’ என்று ஒரே அளவாகத் தட்டும். அடுத்த முறை எத்தனை தட்டு தட்டும் என்று பெரியவர்கள் பந்தயம் கட்டிக் காசு விட்ட கதையெல்லாம் உண்டு. எங்கள் லயத்தில் ஒரு பால்வெட்டுக்காரர் சம்பள நாளன்றுகூட அதில்தான் உட்கார்ந்திருப்பார்.

பக்கிக்குக் கூடு கட்டுகிற வழக்கமே இல்லை. காய்ந்த இலை கிடக்கும் தரையில் அப்படியே முட்டை வைக்கும், பெரும்பாலும் இரண்டு. அடைகாக்கும் பறவையை அரை அடி தூரத்தில் நின்றாலும் கண்டுபிடிக்க முடியாது, இலையின் நிறமே அதன் நிறம். அதனால்தான் அதற்கு இடுகாடு பிடிக்கிறது: இரவில் ஆள் வராத இடம், சுற்றிலும் பூச்சி, தரையில் சருகு. மருந்து அடித்து மண்ணை மொட்டையாக்கினால் அது ஒளிய ஒன்றும் இருக்காது.

6.1.2025, இரவு 10.20

பாம்பு. கருநாகம் இங்கே உண்டு, அதுவும் விஷத்தைத் துப்புகிற வகை. கண்ணைக் குறிபார்த்துத்தான் துப்பும். கண்ணில் பட்டால் தேய்க்கக் கூடாது. நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், அப்படியே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். புல் வெட்டப் போகிறவர்கள் பூட்ஸ், கண்ணாடி இரண்டும் போடுங்கள். மருந்து அடித்தால் பாம்பு போய்விடும் என்பது வெறும் பேச்சு. பாம்பு எலிக்காக வருகிறது, எலி பக்கத்துச் செம்பனைக் காய்க்காக வருகிறது. செம்பனை இருக்கும்வரை எலியும் இருக்கும்.

19.1.2025

நேற்றுப் போய் வந்தேன். மெஷின் வைத்து நடைபாதையையும் கீழ் வரிசைகளையும் வெட்டியிருக்கிறார்கள். தம்பிக்கு நன்றி. மேல் மூலையை விட்டிருக்கிறார்கள். சோம்பலா கரிசனமா என்று கேட்கப் போவதில்லை.

ரப்பர் இலை இப்போது முழுச் சிவப்பு. பால் குறைகிற மாதம். அப்பா காலத்தில் இந்த மாதங்களில் சம்பளம் சுருங்கும், கடையில் கடன் ஏறும். அந்தச் சிவப்பை அழகு என்று வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

30.1.2025

தை அமாவாசையும் சீனப் புத்தாண்டும் ஒரே நாள், எல்லாருக்கும் விடுமுறை. இத்தனை கார்களை அந்த மண்சாலையில் நான் பார்த்ததில்லை. கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் நம்பர் பிளேட்டுகூட இருந்தது. சாதம், வடை, சுருட்டு, ஒரு சமாதியில் கின்னஸ் பாட்டில். தாத்தாவுக்குப் பிடித்ததாம், சரி.

காகங்களுக்கு நல்ல வேட்டை. ஒரு பையன் என்னிடம் இது நம் ஊர்க் காக்காவா என்று கேட்டான். அதுவும் நம்மைப் போலக் கப்பலேறி வந்ததுதான் என்றேன். 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய்விட்டது. காக்கா தங்கிவிட்டது, பெருகிவிட்டது, இப்போது நகராண்மைக் கழகங்கள் ஆள் வைத்துச் சுடுகின்றன. பித்ருவாக நினைத்துச் சோறு வைக்கிறோம், அடுத்த வாரம் ஒருவர் துப்பாக்கியோடு வருகிறார். இதற்கு என்ன சொல்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

2.2.2025

தூங்குமூஞ்சி மரத்தடியில் எலும்பும் மயிரும் உருண்டையாகக் கிடக்கிறது, யாரோ பில்லி சூனியம் வைத்திருக்கிறார்கள் என்று படம் போட்ட அக்காவுக்கு: பயப்படாதீர்கள். அது கூகை கக்கியது. கூகை எலியை முழுசாக விழுங்கும். எலும்பும் ரோமமும் செரிக்காமல் உருண்டையாகத் திரும்ப வரும். ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள், எலியின் மண்டையோடு பல்லோடு கிடைக்கும். கறுப்பு நூலும் எலுமிச்சையும் கிடைத்தால் அப்புறம் பேசலாம்.

செம்பனைத் தோட்டங்களில் கம்பத்தின்மேல் பெட்டி வைத்து அதைக் குடிவைக்கிறார்கள், எலி பிடிக்க. நாம் சாக்குருவி என்று கல் எறிகிறோம். எறிந்த கைகளில் என் கையும் ஒன்று.

16.2.2025

யாரோ மேல் மூலையைக் கொளுத்தியிருக்கிறார்கள். யாரென்று தெரியும், எழுத மாட்டேன்.

சட்டம் என்று பார்த்தால் 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அதை விடுங்கள், லாலானை ஒழிக்கத்தானே கொளுத்தினீர்கள்? அதன் உயிர் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே எரிந்தால் அது பூக்கும், அவ்வளவுதான். சில வாரங்களில் அந்த மூலை முழுக்க வெள்ளைவெளேரென்று பூ நிற்கும், ஒவ்வொரு பூவும் காற்றில் விதையை அனுப்பும். எரித்த இடத்தில் முதலில் முளைப்பதும் அதுதான், ஏனென்றால் அதற்குப் போட்டியாக இருந்த செண்டுடுக்கும் மற்றதும் செத்துவிட்டன.

லாலானுக்கு ஒரே எதிரி நிழல். மரத்தடியில் அது நிற்காது. நம் இடுகாட்டிலேயே பாருங்கள், தூங்குமூஞ்சி மரத்துக்குக் கீழே ஒரு லாலான் உண்டா? பழைய துரைமார்கள் ரப்பருக்கு இடையில் தரையை மூடிப் படரும் மூடுகொடி போட்டதற்கும் பாதிக் காரணம் அதுதான்.

17.2.2025

மேலே எழுதியதில் ஒன்று சேர்க்க வேண்டும். மூடுகொடியை இடுகாட்டில் நடலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஐயோ, வேண்டாம். பக்கத்துச் செம்பனையில் போட்டிருக்கும் முக்குனா கொடி ஏற்கெனவே வேலியைத் தாண்டிக் கிழக்குப் பக்கச் சமாதிகளை மூடிக்கொண்டிருக்கிறது. அதை விட்டால் ஒரு வருடத்தில் எது சமாதி எது மேடு என்றே தெரியாது. அதை மட்டும் பாராங் கத்தியால் வெட்டி இழுத்துப் போடுங்கள், வருத்தமே பட மாட்டேன்.

9.3.2025

இலவ மரம் இலை ஒன்றுகூட இல்லாமல் நிற்கிறது, கிளை முழுக்கப் பூ. ராத்திரி ஏழரைக்கு மேல் போய் அதன் கீழே நின்றால் வௌவால்கள் வந்துபோவது தெரியும். பூ இரவில்தான் மலரும், தேன் வௌவாலுக்காகவே வைத்தது. ஈப்போ பக்கத்துச் சுண்ணாம்புக் குன்றுகளின் குகைகளில் பகலெல்லாம் தொங்கும் இந்தத் தேன்வௌவால்கள் பல கிலோமீட்டர் பறந்து இரை தேடும். டுரியான் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பதும் இவைதான். பக்கத்துக் கிராமத்துக்காரர் ஒருவர் வௌவால் பழத்தைக் கெடுக்கிறது என்று வலை கட்டுகிறார். அவர் விற்பது டுரியான். சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டே வலையை இறுக்கினார்.

11.3.2025

இன்று மூன்றரை மணிக்கு மழை. வெயிலில் வெந்துகொண்டிருந்த ஊர் அரை மணியில் குளிர்ந்துவிட்டது. 20ஆம் தேதி காலையில் இடுகாட்டுப் பக்கம் போக முடிந்தவர்கள் போங்கள். ஏன் என்று அன்றைக்குச் சொல்கிறேன்.

20.3.2025

போனவர்கள் பார்த்திருப்பீர்கள். தூங்குமூஞ்சி மரத்தின் கிளைகளில் ஒட்டியிருக்கும் புறா ஆர்க்கிட் அத்தனையும் ஒரே நாளில் வெள்ளையாகப் பூத்துவிட்டது, கீழே நின்றாலே வாசனை. ஊருக்குள் பழைய போலீஸ் குடியிருப்பு மரங்களிலும் இன்றுதான். நாளைக்குப் போனால் வாடிக் கிடக்கும்.

மந்திரம் இல்லை. மொட்டு ஒரு அளவுக்கு வளர்ந்து அப்படியே தூங்கும். வெயிலுக்கு நடுவே மழை வந்து வெப்பம் சட்டென்று ஐந்தாறு டிகிரி இறங்கினால் விழிக்கும், ஒன்பதாம் நாள் மலரும். மழைத் தண்ணீர் பட்டதால் என்று தைப்பிங் அண்ணன் எழுதியிருக்கிறார். தண்ணீர் இல்லை அண்ணே, குளிர்ச்சிதான். தைப்பிங்கில் தினமும் மழை, உங்களுக்கு எதைப் பார்த்தாலும் தண்ணீராகத்தான் தெரியும்.

ஊர் முழுக்க ஒரே நாளில் பூப்பதில் ஒரு கணக்கு உண்டு. தனியாகப் பூத்தால் ஒரு பூவின் மகரந்தம் இன்னொரு செடிக்குப் போக வழியில்லை, ஆயுளோ ஒரு நாள். எல்லாம் சேர்ந்து பூத்தால் தேனீக்கு அன்று வேறு வேலையே கிடையாது.

6.4.2025

பக்கத்துக் குன்றில் சீனர்களின் செங் பெங், முன்னோர் கல்லறைக்குப் போய் வணங்கும் நாள். எப்போதும்போல ஒரு மாதம் முன்பே ஆள் வைத்து வெட்டி, சாம்பிராணி, காகிதப் பணம், பன்றி வறுவல் எல்லாம் ஆகிவிட்டது. அவர்கள் ஒழுங்கைப் பார்த்து நம்மவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். நியாயம்தான். ஆனால் அங்கேயும் சரிவை மொட்டையாக்கிய பக்கத்தில் மண் இறங்கியிருக்கிறது. வேலையாட்கள் புல்லை ஒரு விரல் உயரம் விட்டு வெட்டிய பக்கம் நன்றாக நிற்கிறது.

நம் பக்கத்துச் செய்தி: நீலத் தொண்டைப் பஞ்சுருட்டான் பறவை வந்துவிட்டது. நுழைவாயில் பக்கம் மணலான சமதரையில் பொந்து தோண்டுகிறது. தரையிலேயே! எலி வளை என்று நினைத்து யாரும் அடைத்துவிடாதீர்கள். கார் நிறுத்துகிறவர்கள் பத்தடி தள்ளி நிறுத்தினால் போதும். நான் நாலு குச்சி நட்டு ரிப்பன் கட்டியிருக்கிறேன். பூசை செய்த இடமென்று நினைத்து ஒருவர் வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுவும் நல்லதற்குத்தான், இனி யாரும் காரை ஏற்ற மாட்டார்கள்.

7.4.2025

இலவங்காய் பச்சையாகத் தொங்குகிறது. கிளி இல்லை, அணில்தான் காத்திருக்கிறது.

27.4.2025

இதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும். கோயில் கமிட்டிக் குழுவில் ஒருவர், செடி கொடிக்காகச் சமாதிகளை விட்டுக்கொடுக்க முடியுமா, மனிதனுக்கு மரியாதை முதலில் இல்லையா என்று கேட்டிருக்கிறார். கேள்வி சரியானதுதான், கோபமும் எனக்குப் புரிகிறது.

நம் இடுகாட்டில் பாதிக்கு மேல் பெயர்ப்பலகை இல்லாத சமாதிகள். சிமெண்ட் கட்டக் காசு இருந்தவர்கள் வேலையை மேற்பார்க்கும் தண்டல், கணக்கு எழுதும் கிராணி, அப்புறம் எண்பதுகளுக்குப் பிறகு பிள்ளைகள் வெளியே போய்ச் சம்பாதித்த குடும்பங்கள். அதற்கு முன்னால் புதைத்தவர்களுக்கு என்ன அடையாளம்? ஒரு கல், ஒரு கவிழ்த்த செங்கல். இல்லாவிட்டால் ஒரு கம்போஜா கொம்பு. ஈழத்தலரி என்று இந்தியாவில் சொல்வது. ஒடித்து நட்டால் போதும், பிடித்துக்கொள்ளும், தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம். ஆடு மாடும் அதைத் தொடாது, பால் வடியும் மரம். தலைமாட்டில் ஒரு கொம்பு நட்டுவிட்டு மறுநாள் காலை ஐந்து மணிக்கு வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போனவர்கள் நம் பாட்டிகள். என் பாட்டியைப் புதைத்தபோது அம்மா நட்டது இன்று என் இடுப்பளவு பருமன். அந்த மரம் இல்லாவிட்டால் பாட்டி எங்கே என்று எனக்குக் காட்டத் தெரியாது.

சில வருடங்களுக்கு முன்னால் சுத்தம் பண்ணக் குத்தகைக்கு எடுத்தவர் கிளை விழும், ஆபத்து என்று சொல்லி மேல் வரிசையில் கம்போஜா மரங்களை ரம்பம் போட்டு அறுத்துவிட்டார். கட்டைகளையும் பிடுங்கிவிட்டார். வேலை சுத்தம். இரண்டு குடும்பங்கள் இப்போது படையலை நடுவில் பொதுவாக வைத்துவிட்டுப் போகின்றன.

ஆகையால் செடியா மனிதனா என்று பிரிக்க எனக்கு வரவில்லை. அங்கே சில பேருக்குச் செடிதான் பெயர்ப்பலகை.

அந்தப் பூவைப் பற்றி ஒரு சேதி: அதில் தேனே கிடையாது. ராத்திரி வாசனையை நம்பி அந்துப்பூச்சி வந்து ஒவ்வொரு பூவாக நாக்கை நீட்டி ஏமாந்து போகும், போகிற போக்கில் மகரந்தத்தைச் சுமக்கும்.

4.5.2025

மழை பிடித்துவிட்டது. நேற்று அந்தியில் புற்றிலிருந்து ஈசல் கிளம்பியது. முதலில் மைனா, அப்புறம் உழவாரன், இருட்டியதும் பக்கி. எல்லாம் ஒரே புற்றைச் சுற்றி ஷிஃப்ட் வைத்துத் தின்றன.

அந்தப் புற்றுக்கு யாரோ மஞ்சள் குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றியிருக்கிறார்கள். அதனாலேயே எந்த மெஷின்காரரும் அதைச் சுற்றி ஒரு முழத்துக்குள் வர மாட்டார். அந்த ஒரு முழத்தில் தும்பை, கீழாநெல்லி, கிணற்றடிப்பூண்டு எல்லாம் பத்திரமாக நிற்கின்றன. எல்லா மூலையிலும் மஞ்சள் துணி கட்டிவிடலாமா என்று ஒரு யோசனை. பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன்.

5.5.2025

எல்லாவற்றையும் விட்டுவிடச் சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சமாதி வெடிப்பில் முளைக்கும் அரசங்கன்று, ஆலங்கன்று இரண்டையும் விரல் நீளத்தில் இருக்கும்போதே பிடுங்குங்கள். கொண்டைக்குருவியும் மைனாவும் பழம் தின்று எச்சம் போடுகிற இடத்திலெல்லாம் முளைக்கும். அரசை வெட்டினால் பாவம் என்று பார்த்துப் பார்த்து விட்டதால்தான் கிராணி குடும்பத்துச் சமாதி இன்று இரண்டாகப் பிளந்து நிற்கிறது. பாவம் என்று தோன்றினால் வேரோடு எடுத்து ஆற்றோரம் நட்டுவிடுங்கள்.

15.6.2025

மழை நின்று மறுபடி வறட்சி. காலை எட்டு மணிக்குப் போனால் தோட்டத்து எல்லையில் புங்கா புக்குல் லாப்பான், அதாவது எட்டு மணிப்பூ, வெள்ளையும் மஞ்சளுமாக விரிந்திருக்கும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். செம்பனையில் தன்னைச் சுற்றிப் பை கட்டிக்கொண்டு இலை தின்னும் புழுவுக்கு எதிரியான சிறு குளவிகளுக்குத் தேன் கிடைக்கட்டும் என்று தோட்டங்களே அதை வரிசையாக நடுகின்றன. ஒரு பக்கம் பூ நட்டு மறு பக்கம் மருந்து அடிப்பார்கள். எல்லைக்கல் எங்கே என்று மருந்து அடிக்கிற ஆளுக்குச் சொல்லிக் கொடுக்காததால் நம் வேலியோரம் போன மாதம் மஞ்சளாகக் கருகியது. தோட்டத்து மேற்பார்வையாளரான மண்டோரிடம் பேசியாகிவிட்டது.

18.6.2025

உயிரியல் படித்த தம்பி ஒருவர் புதிதாக வந்திருக்கிறார். அவர் வாதம்: நீங்கள் பட்டியல் போட்டதில் முக்கால்வாசி வெளிநாட்டுக் களை. தொட்டாற்சுருங்கி அமெரிக்கா, உண்ணிச்செடி அமெரிக்கா, கம்போஜா அமெரிக்கா, நித்தியகல்யாணி மடகாஸ்கர். காப்பாற்ற என்ன இருக்கிறது?

தாவர சாஸ்திரப்படி தம்பி சொல்வது முழுக்கச் சரி. இன்னும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தூங்குமூஞ்சி மரமும் அமெரிக்கா. எல்லை ரப்பர் பிரேசில், அதன் பாட்டி மரம் 1877இல் நட்டது பக்கத்திலேயே கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. செம்பனை மேற்கு ஆப்பிரிக்கா. செம்பனைக்காரர்கள் ரும்புட் இஸ்ரேல் என்று திட்டுகிற அந்த வெளிர்ப்பூச் செடி வரைக்கும் வந்தேறிதான். ஆனால் அதில்தான் பெரிய கறுப்புப் பட்டாம்பூச்சி ஒன்று, சிறகில் நீலம் சூழ்ந்த வெள்ளைப் பொட்டு இருக்குமே அது, முட்டை வைக்கிறது. லெத்துப் கொடியில் செம்மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்றின் புழுக்களைக் காணலாம். இந்தியா, இலங்கையில் மட்டும் இருந்தது அது, தாய்லாந்து வழியாக இறங்கி 1990களில்தான் மலேசியாவில் தென்பட்டது. பாஸ்போர்ட் பார்த்து விரட்ட ஆரம்பித்தால் அங்கே படுத்திருப்பவர்கள் வரிசையில் நிற்க வேண்டிவரும்.

இது பதிலாகாது என்று எனக்கே தெரிகிறது, கேலிதான். உண்மையான பதில்: பக்கி, பஞ்சுருட்டான், புறா ஆர்க்கிட், செண்டுடுக், ரப்பர் மரத்தில் மஞ்சள் தாடியை ஆட்டிக்காட்டும் பறக்கும் ஓணான், இவையெல்லாம் இந்த மண்ணின் உயிர்கள். சுற்றிலும் பல மைலுக்கு ஒரே வரிசைச் செம்பனை. இவற்றுக்கு மிச்சம் இருப்பது ஆற்றோரமும் கோயிலும் இந்த இடுகாடும்தான். அவை எந்த நாட்டு மரத்தில் உட்காருகின்றன என்று அவை பார்ப்பதில்லை. உண்ணிச்செடியை மட்டும் குறைக்கலாம், அதில் தம்பி பக்கம் நான்.

25.7.2025

ஆடி அமாவாசை நேற்று. கூட்டம் குறைவு, வேலைநாள். சுகாதார இலாகா ஆள் வந்து பூச்சாடிகளைக் கவிழ்த்துவிட்டுப் போனதற்குச் சிலர் கொதிக்கிறார்கள். கொதிக்காதீர்கள். டிங்கிக் கொசுவுக்குச் செடியும் புதரும் தேவையில்லை, தேங்கிய நல்ல தண்ணீர் போதும். இடுகாட்டில் அது இருப்பது நாம் வைக்கும் ஜாடியிலும் மினரல் வாட்டர் பாட்டிலிலும் தேங்காய் ஓட்டிலும். ஜாடியில் மணலை நிரப்பி அதில் பூவைக் குத்துங்கள். பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

31.8.2025

ஊரில் மெர்டேக்கா, சுதந்திர தின ஊர்வலம், இங்கே ரப்பர்க்காய் வெடிக்கிறது. வெயில் ஏற ஏறச் சட் சட்டென்று, விதை தகரக் கூரையில் போய் விழுகிறது. பொறுக்கப் பிள்ளைகள் இல்லை. நாலைந்து பொறுக்கி வந்து பேத்தியிடம் கொடுத்தேன், தரையில் தேய்த்துக் கையில் சூடு வைக்கிற விளையாட்டைச் சொல்லிக் கொடுத்து மருமகளிடம் திட்டு வாங்கினேன்.

21.9.2025

மகாளய அமாவாசை. நீலத் தொண்டைப் பஞ்சுருட்டான் போய்விட்டது, சுமத்ரா பக்கம். பொந்துகள் காலி. மின்கம்பியில் இப்போது நீல வால் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருக்கிறது, வடக்கிலிருந்து வந்தது. பெயர்ப்பலகை மாறியது தெரியாமல் பாதிப் பேர் அதே பறவை என்று நினைப்பார்கள். கீச்சானும் வந்துவிட்டது.

5.10.2025

தீபாவளி 20ஆம் தேதி. எல்லாரும் சேர்ந்து சுத்தம் பண்ணும் கோத்தோங் ரோயோங் 12ஆம் தேதி ஞாயிறு, காலை ஏழு. இந்த முறை குழுவில் பேசி ஒத்துக்கொண்டது: மருந்து இல்லை, நெருப்பு இல்லை. நடைபாதையும் சமாதிகளைச் சுற்றியும் மெஷின், நாலு விரல் உயரம் விட்டு. மேல் மூலையில் பாராங் மட்டும், அதுவும் முக்குனாவுக்கும் அரசங்கன்றுக்கும். கம்போஜாவில் காய்ந்த கிளையைத் தவிர எதையும் தொடுவதில்லை. மேல் மூலையில் பெரிய வெட்டு ஆண்டுக்கு ஒன்றுதான், இந்த மாதம். பக்கியும் பஞ்சுருட்டானும் குஞ்சு பொரித்து முடித்துவிட்டன, மழைக்குப் புல் மறுபடி பிடித்துக்கொள்ளும். தை அமாவாசைக்கு நடைபாதையை மட்டும் ஒதுக்கினால் போதும்.

கேள்வி கேட்டு இழையைத் தொடங்கிய தம்பிதான் இரண்டு மெஷின் கொண்டுவருகிறார். பெட்ரோல் என் செலவு.

13.10.2025

வந்தவர்களுக்கு நன்றி. வராதவர்கள் படம் பார்த்து லைக் போட்டதற்கும். உடும்பு ஒன்று ஓடியதைப் பார்த்து முருங்கை மரத்தில் ஏறிய அண்ணன் யார் என்பதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். முருங்கை தாங்காது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

3.11.2025

நேற்றுக் கல்லறைத் திருநாள். சிலுவைப் பக்கம் முழுக்க மெழுகுவர்த்தி. பாதிரியார் ஜெபத்தை முடிப்பதற்குள் மழை.

ஈப்போ அக்கா கேட்டதற்கு: ஆமாம், புற்றுக்காளான் வந்திருக்கிறது, தின்னலாம். மலாய்க்காரர்களின் செண்டாவான் பூசுட்டும் அதுதான். காளானை வளர்ப்பது கறையான், புற்றுக்குள்ளே பயிர் மாதிரி. அதனால் மண்ணைக் கிண்டாதீர்கள், தரையோடு கத்தியால் அறுத்தால் போதும், அடுத்த மழைக்கும் வரும். வேறு வெள்ளைக் காளான் எதையும் இதோடு கலந்து பறிக்காதீர்கள். அடையாளம் தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கூட்டிப் போங்கள். மஞ்சள் துணிக்கு உள்பக்கம் இருப்பதைப் பறிக்கலாமா என்று கேட்டீர்கள். அதற்குக் கோயில் பூசாரியைக் கேளுங்கள். போன வாரம் அவர் ஒரு பை நிறைய எடுத்துப் போனதை நான் பார்த்தேன்.